ரூட்டரை அணைத்துப் போடும் முன்

இணையம் நின்றுவிட்டதென்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், எடுப்பவர் யாராக இருந்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: “சார், ரூட்டரை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்.” நாமும் போடுகிறோம். பல நேரம் சரியாகியும் விடுகிறது. சரியாகாத நேரத்தில்தான் சிக்கல். என்ன நடந்தது என்று ரூட்டர் எழுதி வைத்திருந்ததை நம் கையாலேயே அழித்துவிட்டிருப்போம்.

வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை தங்கள் லாக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வரும் முன்பே பெருக்கித் துடைத்து வைப்பது போலத்தான் இது.

நான் மூன்று வாரம் இப்படித் துடைத்திருக்கிறேன். தினமும் மாலை ஆறரை மணி வாக்கில் எங்கள் வீட்டு இணையம் நிற்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே வரும். சில நாள் பொறுமை இழந்து நானே ரூட்டரை அணைத்துப் போடுவேன். சேவை நிறுவனத்தோடு சண்டை, லைன்மேனோடு சண்டை. குற்றவாளி யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் லாக்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

லாக் என்பது ரூட்டர் எழுதும் நாட்குறிப்பு. அடுக்ககத்து வாசலில் காவலாளி வைத்திருக்கும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 6.10 பால்காரர் உள்ளே போனார். 6.25 வெளியே வந்தார். 11.30 யாரோ ஒருவர் இல்லாத வீட்டு எண்ணைக் கேட்டார், திருப்பி அனுப்பினேன். 2.05 மின்சாரம் போயிற்று. நோட்டில் எழுதியிருப்பதாலேயே எதுவும் குற்றமாகிவிடாது. லாக்கை முதன்முதலில் திறப்பவர்கள் வரிக்கு வரி பதறுவது இதனால்தான். அங்கே இருப்பதில் பெரும்பகுதி பால்காரர் வந்துபோன கதை.

திறப்பது எளிது. ரூட்டரோடு இணைந்திருக்கும் கணினியிலோ போனிலோ உலாவியைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டுங்கள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் சரியான முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே போனதும் ‘சிஸ்டம் லாக்’ என்றோ ‘ஈவென்ட் லாக்’ என்றோ ஒரு பக்கம் இருக்கும். ‘சிஸ்டம் டூல்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’, ‘டயக்னாஸ்டிக்ஸ்’ போன்ற தலைப்புகளுக்கு அடியில் ஒளிந்திருப்பது வழக்கம். போன் செயலி வழியாக மட்டுமே இயக்கும் சில புதிய ரூட்டர்களில் லாக்கைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட ரூட்டரை வாங்காமல் இருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

இப்போது ஒரு வரியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். நான் அதன் ஒலியைத் தமிழில் தருகிறேன்.

‘செவ்வாய் மார்ச் 12 19:42:07 2024 டீமன்.இன்ஃபோ பிபிபிடி[2114]: நோ ரெஸ்பான்ஸ் டு 5 எக்கோ-ரிக்வெஸ்ட்ஸ்’

இதில் நான்கு துண்டுகள் உள்ளன. முதலில் நேரம். அடுத்து ‘டீமன்.இன்ஃபோ’: எழுதியவர் எந்த வகை, எவ்வளவு அவசரம் என்பவை புள்ளியின் இரு பக்கமும் இருக்கின்றன. டீமன் என்பது பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் நிரல்களுக்கான பெயர். மூன்றாவது ‘பிபிபிடி’, அதாவது எழுதியவரின் பெயர். சேவை நிறுவனத்தோடு இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் நிரல் அது. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், அந்த நிரல் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வரிசை எண் மட்டுமே. அதைக் கண்டுகொள்ள வேண்டாம். கடைசியாகச் செய்தி. “ஐந்து முறை குரல் கொடுத்தேன், பதில் இல்லை” என்கிறது.

உங்கள் ரூட்டரில் துண்டுகளின் வரிசை வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் எப்போது, யார், எவ்வளவு அவசரம், என்ன என்கிற நான்கும் ஏதாவது ஓர் உருவில் இருக்கும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லாக்கைத் திறந்ததும் ‘ஜனவரி 1, 1970’ என்று பார்த்துத் திகைத்தவர்கள் பலர். யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி கடந்தது என்றுதான் எண்ணுகின்றன. அந்த நள்ளிரவு கிரீன்விச் கணக்கு. வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி கிடையாது. எழுந்தவுடன் மணி என்ன என்றே அதற்குத் தெரியாது, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்திய நேரம் அமைக்கப்பட்டிருந்தால் 1970 ஜனவரி 1 காலை 5.30 என்று காட்டும். இணையம் கிடைத்து, நேரம் சொல்லும் சர்வரை என்டிபி என்ற முறையில் கேட்ட பிறகுதான் கடிகாரம் சரியாகும். ஆகவே 1970 என்ற வரிகள் தெரிந்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: ரூட்டர் புதிதாக எழுந்திருக்கிறது, அந்த வரியை எழுதும்போது அதற்கு இன்னும் இணையம் கிடைக்கவில்லை. அலுவலகங்களில் இருக்கும் சிஸ்கோ ரூட்டர்கள் இதையே நாசூக்காகச் சொல்லும். நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், ‘இந்த மணியை நம்பாதே’ என்று பொருள்.

அவசரத்தின் அளவு எட்டுப் படிகள். 0 எமர்ஜென்சி, 1 அலர்ட், 2 கிரிட்டிக்கல், 3 எரர், 4 வார்னிங், 5 நோட்டீஸ், 6 இன்ஃபர்மேஷனல், 7 டிபக். வகுப்பு ரேங்க் மாதிரி, எண் சிறியதாக இருந்தால்தான் விஷயம் பெரிது. இந்த முறை ரூட்டருக்காகப் பிறந்ததல்ல. 1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்குத் துணையாகச் செய்த சிஸ்லாக் என்னும் சிறு கருவியிலிருந்து வந்தது. அது அவ்வளவு வசதியாக இருந்ததால் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2001இல்தான் அதன் நடைமுறையை, இணைய நடைமுறைகளைப் பதிவு செய்யும் ஆர்எஃப்சி வரிசையில் 3164ஆம் ஆவணமாக எழுதி வைத்தார்கள். 2009இல் ஆர்எஃப்சி 5424 அதை முறைப்படுத்தியது.

சில லாக்குகளில் வரியின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் 30 என்றோ 29 என்றோ ஓர் எண் மட்டும் நிற்கும். அதை 8ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு எழுதியவரின் வகை, மீதி அவசரத்தின் படி. 30ஐ வகுத்தால் ஈவு 3, மீதி 6. டீமன், இன்ஃபர்மேஷனல். மேலே பார்த்த அதே ‘டீமன்.இன்ஃபோ’தான்.

ஆனால் இந்தப் படிகளை நம்பி மோசம் போகாதீர்கள். நாம் எடுத்துக்கொண்ட வரியையே பாருங்கள். ஐந்து முறை கூப்பிட்டும் பதில் இல்லை, அடுத்த நொடி இணையம் அறுந்துவிடும். ஆனாலும் அதன் முத்திரை வெறும் ‘இன்ஃபோ’. சிஸ்கோவில் ‘சிஸ்-5-கான்ஃபிக்_ஐ’ என்று ஒரு வரி வரும். நடுவில் இருக்கும் 5தான் படி, சாதாரண நோட்டீஸ். சொல்வதோ, யாரோ உள்ளே வந்து அமைப்புகளை மாற்றியிருக்கிறார்கள் என்பது. நேற்று வரை ஓடிய வலையமைப்பு இன்று ஓடவில்லையென்றால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். சத்தமாகக் கத்தும் வரிகள் விளைவைச் சொல்பவை. காரணம் பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று வரிகளுக்கு முன்னால், தணிந்த குரலில் எழுதப்பட்டிருக்கும்.

அதனால் லாக்கைப் படிக்கும் முறை இதுதான்: இணையம் நின்ற நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போய், எல்லாம் ஒழுங்காக இருந்த கடைசி வரியைப் பிடியுங்கள். அதற்கு அடுத்த வரிதான் உங்களுக்கு வேண்டியது. ஒன்று கவனம்: சில ரூட்டர்கள் புதிய வரியை மேலே காட்டும், சில கீழே காட்டும். இதைக் கவனிக்காமல் கதையைத் தலைகீழாகப் படித்து, விளைவைக் காரணம் என்று எடுத்துக்கொண்டவன் நான்.

ஃபைபர் இணைப்பில் ஓர் அறுப்பு எப்படி இருக்கும் என்று வரிசையாகப் பார்க்கலாம். சுவரில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஓஎன்டி. ஊரில் அதை மோடம் என்றே சொல்கிறோம். சில வீடுகளில் அதுவே ரூட்டராகவும் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் தனித்தனி. நேரம் 19:42:07இல் ‘ஐந்து முறை கூப்பிட்டேன், பதில் இல்லை’. அதே நொடியில் ‘சீரியல் லிங்க் அப்பியர்ஸ் டு பி டிஸ்கனெக்டட்’. பிறகு ‘கனெக்ட் டைம் 312.4 மினிட்ஸ்’ என்று, இணைப்பு எவ்வளவு நேரம் உயிரோடிருந்தது என்ற கணக்கு. அடுத்து ‘மோடம் ஹேங்கப்’.

இங்கே ஒரு சிரிப்பு. கண்ணாடி இழையில் ஒளி ஓடும் காலத்தில் ரூட்டர் ‘சீரியல் லிங்க்’ என்றும் ‘மோடம் ஹேங்கப்’ என்றும் பேசுகிறது. பிபிபி என்ற இந்த முறை, தொலைபேசி வழியாக மோடம் கிர்ரென்று கூவி இணைந்த காலத்தைச் சேர்ந்தது. 1994இல் வந்த ஆர்எஃப்சி 1661 அதன் இலக்கணம். ஹேங்கப் என்றால் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாரும் எந்த ரிசீவரையும் வைக்கவில்லை, பழைய பேச்சு அப்படியே தங்கிவிட்டது. லாக்கில் இல்லாத சாதனத்தின் பெயரைப் பார்த்துக் குழம்பாமலிருக்க இதைச் சொல்கிறேன்.

அறுந்த பிறகு ரூட்டர் மறுபடி இணைய முயலும். 1999இல் ஆர்எஃப்சி 2516 வகுத்த பிபிபிஓஇ முறையில் இது ஓர் உரையாடல். ரூட்டர் ‘பாடி’ என்ற செய்தியை எல்லோருக்குமாக வீசும்: “யாராவது இருக்கிறீர்களா?” நிறுவனத்தின் கருவி ‘பாடோ’ என்று பதில் தரும்: “நான் இருக்கிறேன்.” ரூட்டர் ‘பாடர்’ என்று கேட்கும்: “அப்படியானால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.” ‘பாட்ஸ்’ வந்தால் சேர்த்துக்கொண்டார்கள். இதற்குப் பிறகுதான் பயனர் பெயர், கடவுச்சொல் சரிபார்ப்பு.

இந்த உரையாடல் எந்த இடத்தில் நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ‘டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பாடோ பாக்கெட்ஸ்’ என்று வந்தால், ரூட்டர் கூவுகிறது, பதில் சொல்ல ஆளில்லை. ஃபைபரிலோ ஓஎன்டியிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ கோளாறு. அமைப்பில் ஏதாவது எண் மாறியிருந்தாலும் இப்படி வரும். ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று வந்தால் கம்பியும் ஃபைபரும் நன்றாகவே இருக்கின்றன. அந்தப் பக்கம் ஆளும் இருக்கிறார், உங்களை உள்ளே விடவில்லை. கடவுச்சொல் தப்பாக இருக்கலாம். அல்லது இந்த மாதக் கட்டணத்தைக் கட்ட மறந்திருக்கலாம். இதற்கு லைன்மேனை வரச் சொல்லி, அவர் வெயிலில் ஏணியைச் சுமந்து வருவது பாவம். எல்லா இணைப்பும் பிபிபிஓஇ முறையில் இருப்பதில்லை. சில நிறுவனங்கள் கடவுச்சொல் இல்லாமல் நேராக முகவரியைத் தந்துவிடும். அங்கே இந்த வரிகளுக்குப் பதில் டிஹெச்சிபி வரிகள் இருக்கும்.

இதே அறுப்பு இன்னொரு விதமாகவும் தொடங்கலாம். ‘நெட்வொர்க் டிவைஸ் இத்0 லிங்க் இஸ் டவுன்’ என்ற வரி முதலில் வந்து, மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தால், ரூட்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவிலுள்ள கம்பியே போயிருக்கிறது என்று பொருள். கம்பி கழன்றிருக்கலாம், அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கலாம், ஓஎன்டிக்கு மின்சாரம் போயிருக்கலாம். ஆக, ‘லிங்க் டவுன்’ முதலில் என்றால் வீட்டுக்குள் தேடுங்கள். ‘பதில் இல்லை’ முதலில் என்றால் பெரும்பாலும் வெளியே.

ஓஎன்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் லாக்கைத் தேடவே வேண்டாம், ஒளி வரவில்லை. எரியாமலே அடிக்கடி அறுந்தால், ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற எண்ணைப் பாருங்கள். வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கில், கழித்தல் குறியோடு இருக்கும். −20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. 3 குறைந்தால் ஒளி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. நம் வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை இணைப்பில் பரவலாக உள்ள பி பிளஸ் வகை ஓஎன்டிகளுக்குக் கடைசி எல்லை −27. அதன் அருகே தத்தளித்துக்கொண்டிருந்தால், மழைக்கும் காற்றுக்கும் அறுவது இயல்பு. எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது முனை அழுக்காகியிருக்கிறது. “இணையம் மெதுவாக இருக்கிறது” என்று சொல்வதைவிட “ஆர்எக்ஸ் பவர் −28 காட்டுகிறது” என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் குரலே மாறும்.

மின்சாரம் திடீரென்று போனால் ஓஎன்டி தன்னிடம் மிஞ்சியிருக்கும் துளி மின்னூட்டத்தைக் கொண்டு நிறுவனத்துக்கு ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். அதன் பெயர் ‘டையிங் காஸ்ப்’, கடைசி மூச்சு. ஃபைபர் அறுந்ததா, வாடிக்கையாளர் வீட்டில் கரண்டு போனதா என்று அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

வைஃபை வரிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘டீஆதென்டிகேட்டட்’, ‘டிஸ்அசோசியேட்டட்’ என்று அடுக்கடுக்காக வருவது பயமுறுத்தும். போன் கடைக்குப் போவதும் திரும்பி வருவதும் இப்படித்தான் பதிவாகும். சில லாக்குகளில் கூடவே ‘ரீசன்’ என்று ஓர் எண் இருக்கும். 3, 8 இரண்டும் சாதனம் தானாகக் கிளம்பிப் போனதைச் சொல்பவை. 4 என்றால் சும்மா இருந்ததால் அனுப்பப்பட்டது. 15 என்றால் சாவியைச் சரிபார்க்கும் நான்கு கட்டக் கைகுலுக்கல் பாதியில் நின்றது. கடவுச்சொல்லைத் தப்பாகத் தட்டியதற்கு அடிக்கடி வரும் எண் இது. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் திடீரென்று ஒரு நிமிடம் காணாமல் போய் வந்தால் லாக்கில் ‘ரேடார் டிடெக்டட்’ இருக்கிறதா என்று பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பங்குபோட்டுக்கொள்பவை. ரேடார் இருப்பதாகத் தோன்றினால் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு விலகி, அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது. புதுச் சேனலும் அதே வரிசையில் இருந்தால் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேச வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் 36, 40, 44, 48 சேனல்களில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது.

டிஹெச்சிபி என்பது வீட்டிலுள்ள சாதனங்களுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலை. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என்று நான்கு வரியும் அடுத்தடுத்து இருந்தால் எல்லாம் நலம். டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்து ஆக் வரவில்லையென்றால் அந்தச் சாதனத்துக்கு முகவரி கிடைக்கவில்லை. ‘நோ அட்ரஸ் அவைலபிள்’ என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் விருந்தாளிகள் எல்லோருக்கும் வைஃபை கடவுச்சொல்லைச் சொன்னால் இதைப் பார்க்கலாம்.

தெரியாத சாதனம் ஒன்று வீட்டுக்குள் இருக்கிறதே என்று பயப்படுபவர்களுக்கு ஒரு சொல். இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான அடையாள எண்ணான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. இணையும் வலையமைப்புக்கு ஏற்ப ஒரு பொய் முகவரியைப் புனைந்துகொள்கின்றன. ஆண்ட்ராய்டில் 10ஆம் பதிப்பிலிருந்தும் ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும் இது வழக்கமாகிவிட்டது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைந்த முகவரி. ‘திருடன்’ உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கலாம்.

பயமுறுத்தும் வரிகளின் அரசன் ‘டிஓஎஸ் அட்டாக்’, அதாவது கோரிக்கைகளைக் குவித்து முடக்கப் பார்க்கும் தாக்குதல். சில ரூட்டர்கள் இதை நாளுக்குப் பல முறை எழுதும். ‘ஆக் ஸ்கேன்’ என்றும் அருகில் இருக்கும். வந்த இடத்தின் போர்ட் எண்ணைப் பாருங்கள், எந்த வகைச் சேவையிலிருந்து வந்தது என்று காட்டும் எண் அது. 443 என்றிருந்தால் நீங்கள் பார்த்த ஏதோ ஓர் இணையதளத்தின் சர்வராக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பக்கத்தை மூடிவிட்டீர்கள், ரூட்டரும் அந்தக் கணக்கை முடித்துவிட்டது, தாமதமாக வந்த பதிலைப் பார்த்து “நீ யார்?” என்கிறது. வாடகைக்கு இருந்தவர் காலி செய்துபோன பிறகு அவர் பெயருக்கு வந்த கடிதம் மாதிரி. ‘மார்ஷியன் சோர்ஸ்’ என்ற வரியும் வேடிக்கையானது. அந்தப் பக்கத்திலிருந்து வரவே முடியாத முகவரியோடு ஒரு பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, வந்திருக்கிறது, ஆகவே செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது பெயரிட்டவர்களின் குறும்பு.

உண்மையாகவே கவனிக்க வேண்டியது வேறு. ‘பேட் பாஸ்வேர்ட் அட்டெம்ப்ட் ஃபார் ரூட்’ என்று வெளி முகவரியிலிருந்து வரிசையாக வந்தால், யாரோ ரூட்டரின் கதவையே தட்டிப் பார்க்கிறார்கள். இணையத்தில் இப்படித் தட்டும் நிரல்கள் ஓய்வதேயில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரூட்டர்களிலும் ஆலையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே பெரும்படையைத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் பெயருக்கு முகவரி காட்டும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் திறக்காமல் போயின. தட்டுவதில் தவறில்லை, திறக்காதவரை. ஆனால் தட்டும் சத்தம் லாக்கில் கேட்கிறதென்றால் கதவு தெருவைப் பார்த்து இருக்கிறது. ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்ற அமைப்பைத் தேடி அன்றே அணைத்துவிடுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். தோல்வி வரிகளுக்குப் பிறகு ‘சக்ஸஸ்’ என்று ஒரு வரி இருந்து, அது நீங்கள் இல்லையென்றால், ரூட்டரை ஆலை அமைப்புக்குத் திருப்பி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். லாக்கைப் பிறருக்கு அனுப்பும் முன் பயனர் பெயரையும் முகவரிகளையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இனி என் வீட்டுக் கதை. ஆறரை மணி அறுப்பு. நிறுவனத்தில் கேட்டால் “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, சார்” என்றார்கள். லைன்மேன் இரண்டு முறை வந்து ஃபைபர் முனையை மாற்றிப் போட்டார். ஆர்எக்ஸ் பவர் −19. குறை சொல்ல முடியாத எண். மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது: ஒரு நாளாவது லாக்கைப் பார்த்தேனா?

அன்று இணையம் நின்றதும் ரூட்டரைத் தொடவில்லை. தானாக வரும்வரை காத்திருந்து லாக்கைத் திறந்தேன். அறுந்த வரியைத் தேடினேன், இல்லை. ‘பதில் இல்லை’ இல்லை, ‘லிங்க் டவுன்’ இல்லை. லாக்கின் முதல் வரி, சதுர அடைப்புக்குள் 0.000000 என்ற எண்ணோடு ‘பூட்டிங் லினக்ஸ்’ என்று தொடங்கியது. ரூட்டர் பிறந்த கணத்தின் வரி அது. நாள்கணக்கில் ஓடும் ரூட்டரில் புதிய வரிகள் சேரச் சேரப் பழையவை தள்ளப்பட்டுவிடும். அந்த முதல் வரி கண்ணிலேயே படாது. படுகிறதென்றால் ரூட்டர் சற்று முன்தான் எழுந்திருக்கிறது. எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும் ‘அப்டைம்’ நான்கு நிமிடம் என்றது. இணைப்பு தானாக அறுந்ததல்ல. ரூட்டர்தான் அணைந்து எழுந்திருக்கிறது, யாரும் தொடாமலே.

உறுதிப்படுத்த, பழைய மடிக்கணினி ஒன்றில் சிஸ்லாக் வாங்கும் நிரலை ஓட விட்டு, ரூட்டரின் அமைப்பில் அதன் முகவரியைக் கொடுத்தேன். யுடிபி 514 போர்ட் வழியாக ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட உடனே அங்கேயும் போய்ச் சேரும். ரூட்டர் செத்தாலும் சாட்சி பிழைத்திருக்கும். மடிக்கணினியில் பேட்டரி இருந்ததால் மின்சாரத்தைப் பற்றியும் கவலையில்லை. மறுநாள் 18:31:40 வரை ஒழுங்கான வரிகள். பிறகு வெறுமை. அதன் பின் எழுந்த வரிகள். அடுத்த நாள் 18:34. அதற்கடுத்த நாள் 18:29.

ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். “என்ன நடக்கும்? மோட்டார் போடுவேன்” என்றார்.

தண்ணீர் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டு மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். நல்ல அடாப்டர் இதைப் பொருட்படுத்தாது. உள்ளே இருக்கும் மின்தேக்கி அந்த ஒரு கணத்தைத் தாங்கிக் கொடுக்கும். ஐந்து வருடம் வெயில் படும் சுவரில் வெந்துபோன என் அடாப்டரால் முடியவில்லை. பக்கத்திலேயே இருந்த ஓஎன்டியின் அடாப்டர் புதிது, அது அசையவில்லை. நிறுவனத்தின் பக்கம் எல்லாம் சரியாகத் தெரிந்ததும் அதனால்தான்.

அதே 12 வோல்ட், குறையாத ஆம்பியர், அதே அளவு முனை என்று பார்த்து ஓர் அடாப்டர் வாங்கி மாட்டினேன். லைன்மேனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “பரவாயில்லை, சார்” என்றார் பிறகு. அன்று மாலை மோட்டார் ஓடிய நேரத்துக்கு நேராக லாக்கில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ட்யூஷனிலிருந்து வந்த அக்கா மகனின் போன் 192.168.1.104 என்ற முகவரியை வாங்கியிருந்தது.